படியும் உரியும் பயிற்றும் இருமக் கணக்கு



இன்று சிற்றூர்ச் சிறுவர் கைகளிலும் கணிப்பொறி விளையாட்டுகள் ஏறியுள்ளன. அவற்றுள் மைன்கிராப்டு போன்றவை வெறும் பொழுதுபோக்கல்ல. அங்கே 'இரெட்சுடோன்' எனப்படும் செந்துகள், மின்கம்பி போன்று குறிப்பைக் கடத்துகின்றது. நெம்புகோலும் விளக்கும் உண்டு. இவற்றைக் கொண்டே பதின்ம எண்ணை இரும எண்ணாக மாற்றும் பொறியைச் சிறுவர் கட்டுகின்றனர். பதின்மமாவது இடந்தோறும் பத்து மடங்காக ஏறும் எண்முறை. இருமமாவது இடந்தோறும் இரு மடங்காக ஏறும் எண்முறை. பின்னதற்கு 0, 1 என்னும் இரு குறிகளே போதும்.

போற்றத்தக்க முயற்சியே! ஆயின், அப்பொறியின் பெயரும் அதன் உறுப்புகளின் பெயரும் ஆங்கிலத்திலேயே அவர் செவியில் விழுகின்றன. அதனால், இக்கணக்கு தமிழுக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணம் இளநெஞ்சில் வேரூன்றுகின்றது. அவ்வெண்ணம் பொய்யென மெய்ப்பிக்க அயல்நாட்டு நூலகம் தேட வேண்டா. செங்கற்பட்டு நெற்களமே போதும்.

ஏரிகள் மலிந்த அம்மண்ணில் விளைந்ததைத் தமிழர் எவ்வாறு அளந்தனர்? இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. சோழர் கல்வெட்டுகளிலும் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என இவ்வளவைகள் வருகின்றன.

ஒருவர் 13 ஆழாக்கு அரிசி கேட்பதாகக் கொள்க. ஆழாக்கைப் பதின்மூன்று முறை முகப்பார் யார்? பட்டறிவுடைய வணிகர் பெரிய அளவையிலிருந்தே தொடங்குவார். படி ஒன்று, 8 போக எஞ்சியது 5. உரி ஒன்று, 4 போக எஞ்சியது 1. உழக்குக்கு இடமில்லை. ஆழாக்கு ஒன்று. உண்டு என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 இட்டால் 1101. அதுவே 13-இன் இரும வடிவம்! எந்த அளவையும் ஒரு முறைக்கு மேல் வேண்டப்படாமையே இம்முறைக்கு உயிர். இரு முறை வேண்டின், அதற்கு ஈடான பெரிய அளவை ஒன்று முன்னரே நிற்கும்.

மாமல்லபுரத்தில் 2022-இல் சதுரங்க ஒலிம்பியாடு நிகழ்ந்ததை அனைவரும் அறிவர். அவ்வாட்டப் பலகையின் 64 கட்டங்களில் 1, 2, 4, 8 என இரட்டித்து எழுதிச் சென்றால், அதுவும் நெடியதோர் அளவை வரிசையே. 2022 என்னும் ஆண்டெண்ணையே அதில் அளந்து பார்க்கலாம்: 1024, 512, 256, 128, 64, 32, 4, 2 ஆகிய கட்டங்களில் காய் வைத்தால் கூட்டுத்தொகை 2022. இரும வடிவம் 11111100110. பலகையில் காய் வைத்து இவ்வாறு கணக்கிடும் முறையை இசுக்காட்லாந்து அறிஞர் சான் நேப்பியர் 1617-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

இனிப் பொறிக்கு வருவோர் செய்யத்தக்கது யாது? 0 முதல் 9 வரை பத்து நெம்புகோல்கள் நிறுத்துக. நான்கு கம்பிகள் இழுத்து ஆழாக்கு, உழக்கு, உரி, படி எனப் பெயரிடுக. 7 என்னும் கோல் உரி, உழக்கு, ஆழாக்குக் கம்பிகளைத் தொடட்டும். 9 படியையும் ஆழாக்கையும் தொடட்டும். 0 எதனையும் தொடாது. ஒரு கோலின் குறிப்பு, பொதுக் கம்பி வழியே பிற கம்பிகளுக்குத் திரும்பி ஓடாதவாறு ஒவ்வோர் இணைப்பிலும் ஒருவழித் தடை வேண்டும். பல இலக்க எண்ணாயின், முன் கிடைத்ததைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டுக. பத்தென்பது எட்டும் இரண்டும். ஆதலால் குறிகளை மூன்று இடம் மேலேற்றியதையும் ஓரிடம் மேலேற்றியதையும் கூட்டினால் பத்து மடங்கு கிட்டிவிடும்.

இதனைக் கொண்டு, கணிப்பொறியைத் தமிழரே முதலிற் கண்டனர் எனப் பறையறைதல் தகாது. தமிழளவை முழுதும் இரட்டிப்பன்று. மூன்று தூணி ஒரு கலம், ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இருமத்தைத் தனி எண்முறையாக விளக்கிச் செருமானிய அறிஞர் இலைபுனிட்சு 1703-இல் எழுதினார். மின்சுற்றுக்கு அதனைப் பொருத்திக் காட்டிக் கிளாடு சானன் 1937-இல் ஆய்வுரை அளித்தார். பிறர் உழைப்பைப் பிறர்க்கே உரித்தாக்குவதே தமிழ்ப் பண்பு. பொய்ப்பெருமை மொழியை வளர்க்காது, மெய்யறிவே வளர்க்கும்.

ஆயினும், கற்கும் வாயில் தமிழில் உண்டு. 1956-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தின் பின்னர்ப் படியும் உரியும் கடைத்தெருவினின்று மெல்ல மறைந்தன. அளவை மறைந்தது குற்றமன்று. அதனோடு சொல்லும், சொல்லோடு சிந்தனையும் மறைவதே இழப்பு. பொருள் விளங்காத அயற்சொல்லை உருப்போடும் மாணவன் பிறர் கட்டியதைப் பார்த்துக் கட்டுவான். தாய்மொழியில் பொருளுணர்ந்தவனோ புதியது கட்டுவான். எனவே ஆசிரியர்களே, வீட்டுப் பரணில் உறங்கும் அப்படியையும் உழக்கையும் வகுப்பறைக்குக் கொணர்மின்! அரிசியை அளந்து காட்டுமின்! இருமம், பதின்மம், எண்மாற்றி என்னும் சொற்களை இளையோர் நாவில் நடமாட விடுமின்!

வெல்க தமிழறிவு!