யார் பார்த்தார்கள், டீச்சர்?

(குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாறைகள் பாடத்தை நாம் எல்லோரும் நடத்துகிறோம். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எடுத்துக்காட்டுகள். பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அந்தப் பாடத்தின் தொடக்கத்திலேயே நம்புவதற்குக் கடினமான ஒரு செய்தி இருக்கிறது. காலில் இடறும் கல் ஒரு காலத்தில் குழம்பாக இருந்தது என்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி நேராகவே கேட்டாள்: "கல்லு குழம்பா இருந்துச்சுன்னு சொல்றீங்களே டீச்சர், யார் பாத்தாங்க?" வகுப்பு சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. வரலாற்றுப் பாடத்தில் கல்வெட்டையும் நாணயத்தையும் சான்றாகக் காட்டுகிறோம். பாறைப் பாடத்தில் மட்டும் ஏன் சான்று கேட்கக் கூடாது? அவளுடைய அப்பா குவாரியில் கல் உடைப்பவர். எங்கள் பள்ளியில் பல பிள்ளைகளின் வீட்டில் அதுதான் தொழில். கல்லைத் தினமும் தொட்டு வாழும் குடும்பத்துப் பிள்ளை, கல்லைப் பற்றிய பாடத்தை நம்பாமல் இருந்தால் அந்தப் பாடம் யாருக்காக?

"பார்த்தவர் யாருமில்லை. ஆனால் பாறையிலேயே தடயம் இருக்கும். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன். அப்படி நான் பார்க்கப் போன இடம், கர்நாடகத்தில் உடுப்பியை அடுத்த மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரீஸ் தீவு. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ள இடம் அது. மழைக்காலத்தில் படகு விடுவதில்லை என்பதால் அரையாண்டு விடுமுறையில் சக ஆசிரியைகள் இருவருடன் சென்றேன். புறப்படும் முன் வகுப்பிடம், "அங்கே நான் எதைப் பார்த்து வர வேண்டும்?" என்று கேட்டேன். நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் போயிருந்தால், படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

முதல் கேள்வி: தூணுக்கு எத்தனை பக்கம்? தீவின் கரையில் கல் தூண்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கூட்டமாக நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் தளம் பாவியதுபோல இருக்கும். ஆறு பக்கம், ஐந்து பக்கம், ஏழு பக்கம் என எல்லாம் உண்டு.

இதற்குக் காரணம் எளிது. சூடான குழம்பு உறைந்து, மேலும் ஆறும்போது சுருங்கும். இடம் மாறாமல் சுருங்க வேண்டுமென்றால் வெடித்துத்தான் ஆக வேண்டும். காய்ந்த ஏரியில் சேறு வெடிப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கவனித்தால் ஒரு வேறுபாடு தெரியும். சேற்றில் முதலில் ஒரு நீள வெடிப்பு விழும். அடுத்தது அதில் வந்து ஏறக்குறைய செங்கோணத்தில் முட்டும். எரிமலைக் குழம்பில் வெடிப்பு மேற்பரப்பில் தொடங்கி, உள்ளே ஆற ஆறக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு இறங்குகிறது. இறங்கும்போது தன் திசையைத் திருத்திக்கொள்கிறது. கடைசியில் மூன்று வெடிப்புகள் ஒரு புள்ளியில் சுமார் 120 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. ஒழுங்கு அறுகோணத்தின் உட்கோணமும் 120 பாகைதான். கணித ஆசிரியரை அழைத்து இந்த இடத்தை நடத்தச் சொல்லலாம்.

இரண்டாம் கேள்வி: எல்லாத் தூணும் நேராக நிற்கிறதா? பெரும்பாலும் நேராகவும், சில இடங்களில் சாய்ந்தும் நிற்கின்றன. குளிர்ந்த பரப்புக்குச் செங்குத்தாகத்தான் வெடிப்பு உள்ளே போகும். ஆகவே தூணின் சாய்வைப் பார்த்தால், அந்த இடத்தில் குழம்பு எந்தப் பக்கத்திலிருந்து ஆறியது என்று சொல்லலாம். தடயம் என்று நான் சொன்னது இதைத்தான்.

மூன்றாம் கேள்வி: அது நம் குவாரிக் கல்லா? இல்லை. எங்கள் ஊர்க் கிரானைட்டில் மணிமணியான படிகங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். தீவுப் பாறையின் பெரும்பகுதி நுண்மணியாக இருக்கிறது, கைலென்ஸ் வேண்டும். இதை வகுப்பில் விளக்கப் பனங்கற்கண்டைப் பயன்படுத்தினேன். பாகைப் பல நாள் அசையாமல் விட்டால் பெரிய படிகம் விளைகிறது; அவசரமாக இறுகினால் பொடிப்பொடியாக நின்றுவிடுகிறது. கிரானைட் பூமிக்குள் ஆழத்தில் மிக மெதுவாக ஆறியது. தீவுப் பாறை பூமிக்கு மேலே வந்து விரைவாக ஆறியது.

நான்காம் கேள்வி: அங்கே எரிமலை ஏன் வந்தது? அந்தப் பாறையின் வயது சுமார் 8.8 கோடி ஆண்டுகள். ஏறக்குறைய அதே வயதுள்ள எரிமலைப் பாறைகள் மடகாஸ்கர் தீவில் இருக்கின்றன. ஒன்றாக இருந்த இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தில் பொங்கியவை இவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கிழிந்த காகிதத்தின் இரு ஓரங்களைச் சேர்த்துப் பார்ப்பதுபோல, இரண்டு நாட்டுப் பாறைகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கண்டப் பெயர்ச்சிப் பாடத்துக்கு இது ஒரு நல்ல சான்று.

தீவிலிருந்து ஒரு துண்டுக் கல்லும் எடுத்துவரவில்லை. பாதுகாக்கப்பட்ட இடம், எடுக்கக் கூடாது. படங்களையும் அளவுகளையும் மட்டும் கொண்டுவந்தேன். அவற்றை வகுப்பில் காட்டியபோது பாதிப் பிள்ளைகள், "இது யாரோ வெட்டி அடுக்கினது" என்றார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னது நான் அல்ல.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்த அந்த மாணவியின் அப்பாவிடம் படங்களைக் காட்டி, வகுப்புக்குள் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு வந்தார். படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆள் வெட்டின கல்லுன்னா உளி பட்ட தடம் இருக்கும், இல்லேன்னா துளை போட்ட தடம் இருக்கும். இதுல ஒண்ணும் இல்ல. இது தானா விட்டுக்கிட்ட வெடிப்பு" என்றார். எந்தப் பக்கம் அடித்தால் கல் நேராகப் பிளக்கும், எந்தப் பக்கம் அடித்தால் சிதறும் என்றும் கையால் காட்டினார். நாம் பாடத்தில் சொல்லாத செய்தி அது. அதுவரை அப்பாவின் வேலையைக் கேட்டால் "கூலி" என்று மட்டும் சொல்லிவந்த பிள்ளை, அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து அவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர்களே, எல்லோராலும் தீவுக்குப் போக முடியாது; மாணவர்களை அழைத்துப் போவது இன்னும் கடினம். அதனால் வகுப்பிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கடையில் 'கார்ன் ஃப்ளவர்' என்று விற்கும் வெள்ளை மாவைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சில நாள்கள் விளக்கொளியில் காயவிடுங்கள். மேலே முதலில் பெரிய வெடிப்புகள் தெரியும். நன்றாகக் காய்ந்ததும் கட்டியைப் பிட்டுப் பார்த்தால், உள்ளே சிறு சிறு தூண்கள் நிற்கும். இங்கே மாவு ஆறவில்லை, உலர்கிறது. ஆனால் சுருங்குவதும் வெடிப்பதும் அதேபோலத்தான் நடக்கின்றன.

இன்னொன்று, நம் காலடியில் இருப்பதன் மதிப்பு. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் உள்ள பாறைகள் பல சுமார் 250 கோடி ஆண்டு வயதுடையவை. நான் படகேறிப் போய்ப் பார்த்த பாறை அவற்றுக்கு முன் குழந்தை. சென்னைப் பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் சார்னோகைட் என்ற பாறையின் பெயர் உலகெங்கும் நிலவியல் நூல்களில் வழங்குகிறது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்து, 1893-இல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளிக்கு அருகில் உள்ள ஒரு கல்லைப் பற்றி உங்கள் மாணவர்கள் எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுவாருங்கள். வேலை நடக்கும் குவாரிக்குள் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். பள்ளிப் படிக்கல், குளத்துப் படித்துறை, அம்மி, ஆட்டுக்கல் எதுவானாலும் சரி. மூன்று கேள்விகள் போதும்: படிகம் கண்ணுக்குத் தெரிகிறதா? அடுக்கோ வரியோ இருக்கிறதா? வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது? பாறையின் பெயரைக் கடைசியில் எழுதட்டும். ஊரில் கல் வேலை செய்பவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்னதையும் சேர்த்து எழுதட்டும்.