எலும்பு முறிந்தால் செய்யவேண்டுவது

வளர்ந்த மனிதனுடைய சரீரத்தில் 206 எலும்புகளும், அவற்றை அசைக்க 600-க்கு மேற்பட்ட தசைகளும் உள்ளன. தசைக்கு இழுக்கத் தெரியுமேயன்றித் தள்ளத் தெரியாது. ஆகவேதான் முழங்கையை மடக்க முன்புறத் தசையும், நீட்டப் பின்புறத் தசையும் அமைந்திருக்கின்றன. எலும்பு முறிந்தபோதும் தசைகள் இழுப்பதை நிறுத்துவதில்லை; முறிந்த முனைகளை ஒன்றன்மேலொன்று ஏற்றிவிடுகின்றன. அவ்விடத்தை உருவினால், கூரிய முனை இரத்தக்குழாயைக் கிழிக்கக்கூடும். ஆதலின் உருவாதீர்கள். முறிவுக்கு மேலும் கீழுமுள்ள மூட்டுக்கள் அசையாதபடி, துணி சுற்றிய மூங்கிற் பத்தைகளை வைத்து அளவாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று தசை அழுகும். கையையே இழக்க நேரிடும். விரல்கள் குளிர்ந்தாலோ, மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ கட்டினை உடனே தளர்த்துங்கள். தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.