பள்ளிக்கூடத்து அடுப்படி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பள்ளிக்கூடத்துச் சமையற்காரப் பெண் ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னபோது நண்பர்கள் சிலர் நகைத்தனர். விவேகானந்தரைப் பற்றியோ ஆறுமுக நாவலரைப் பற்றியோ பேசுவதன்றோ இம்மேடையின் வழக்கம் என்றனர். அவ்வழக்கத்திற்கு நாம் விரோதிகள் அல்லர். ஆயினும் அன்னதானத்தை இத்தனை உயர்வாகப் பேசும் நாம், அந்த அன்னத்தை வடிப்பவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. இளையான்குடி மாறனார் நள்ளிரவில், கொட்டும் மழையில், விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்து சிவனடியாருக்கு அமுதூட்டிய கதையை இங்குள்ள சிறுவரும் சொல்வர். அந்த ஈர நெல்லை வறுத்துக் குற்றி, விறகில்லாத வீட்டில் அடுப்பெரித்துச் சமைத்தவர் யார்? மாறனாரை நாயனாராகத் தொழுகிறோம். அந்த அம்மையாரை "மனைவியார்" என்ற அளவில் நிறுத்திவிட்டோம்.

நிற்க. நாம் சொல்லவந்தது பாப்பாள் என்னும் பெண்மணியின் வரலாறு. தமிழ்நாட்டிலே திருப்பூர் மாவட்டம், அவிநாசி வட்டத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் என்றோர் ஊர். அவ்வூரினரான இவர் பல ஆண்டுகள் வேறிடத்துப் பள்ளியில் சத்துணவு சமைத்தவர். 2018 ஆம் ஆண்டு ஜூலை மாதம் சொந்த ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளிக்கே மாற்றலாகி வந்தார். நடந்து போகும் தூரத்தில் வேலை என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது? ஆனால் அவர் அருந்ததியர் குலத்தவர். அவர் கையால் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்று உயர்ந்த சாதியார் எனத் தம்மை எண்ணிக்கொண்ட பெற்றோர் பள்ளியின் முன் திரண்டனர். அதிகாரிகள் செய்தது என்ன? கூட்டத்தைக் கலைக்கவில்லை, சமையற்காரரைத்தான் வேறிடத்துக்கு மாற்றினர். பின்னர் பல அமைப்புகள் கண்டித்துப் போராடியமையால் அம்மாற்றம் இரத்தாயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவாயிற்று. பாப்பாள் மீண்டும் அதே அடுப்படிக்குச் சென்று உலை வைத்தார்.

அவிநாசி எத்தகைய தலம் என்பதைப் பெரியோர்கள் அறிவீர்கள். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பாடி மீட்ட தலம் அது. பிள்ளை ஒருவனுக்காக இறைவனே இரங்கினான் என்று போற்றப்படும் அந்தத் தலத்தின் வட்டாரத்திலேதான், பிள்ளைகளுக்குச் சோறு சமைக்க வந்தவரை வாசலில் மறித்தார்கள்.

இத்தொழிலின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1920 இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பகலுணவு வழங்கத் தொடங்கியது. 1956 இல் காமராஜர் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். 1982 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். அவர் பிறந்தது எங்கே? 1917 இல், நமது அயலூராகிய நாவலப்பிட்டியில். கொட்டகலையில் கொழும்பு ரயில் ஏறுவோர் ஹற்றனும் வட்டவளையும் கடந்து சென்றடையும் அதே நாவலப்பிட்டிதான். இளமையிலேயே தந்தையை இழந்து, கும்பகோணத்து ஆனையடிப் பள்ளியில் பசியோடு படித்த சிறுவன், முதலமைச்சரானபின் ஊர்தோறும் பள்ளியில் அடுப்பு மூட்டினார். மலைநாட்டார் இதைச் சொல்லிப் பெருமை கொள்வதில் தவறில்லை. நாமும் கொள்கிறோம்.

ஆனால் அடுப்பு மூட்டும்படி ஆணையிடுதல் வேறு. நாள்தோறும் மூட்டுதல் வேறு. ஒவ்வொரு மையத்திலும் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூவர். உதவியாளரைப் பிள்ளைகள் "ஆயா" என்பர். தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நூறு கிராம் அரிசி என்பது கணக்கு. இருநூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் இருபது கிலோ அரிசியைக் கல் பொறுக்கிக் களைந்து, தண்ணீர் சுமந்து, காய் நறுக்கி, கொதிக்கும் அண்டாவை இருவராக இறக்கிக் கஞ்சி வடிக்கவேண்டும். பிறகு சாம்பார். முட்டை கொடுக்கும் நாளில் இருநூறு முட்டைகளையும் அவித்து உரிக்கவேண்டும். மணி அடித்ததும் வரிசை, பரிமாறல், பின் பாத்திரம் துலக்கல். இருபது முப்பது ஆண்டுகள் இவ்வாறு செய்தவரின் தோளும் முழங்காலும் எப்படியிருக்கும் என்பதைக் கொழுந்துக்கூடை சுமக்கும் நம் தாய்மாருக்கு விளக்க வேண்டியதில்லை. விறகடுப்புக் காலத்தில் புகையும் சேர்ந்தது. 2004 ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. பத்தாண்டுகளின் பின் நீதிமன்றம் தண்டித்தவர்களுள் சமையற்காரப் பெண்ணும் ஒருவர். கூரைக்குக் கீற்று வேய்ந்தது அவரல்லர்.

ஊதியமோ? இந்தியா முழுவதிலும் இத்தொழிலில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். 2009 இல் மத்திய அரசின் திட்டம் இவர்களுக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கே. மாநிலங்கள் தம் பங்காக மேலும் கொடுக்கின்றன; தமிழ்நாடு கூடுதலாகவே கொடுக்கிறது. ஆயினும் காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டு அங்குள்ள சத்துணவு ஊழியர் பன்முறை தெருவில் அமர்ந்தனர். "மதிப்பூதியம்" என்ற சொல்லை உண்டாக்கியவர் யாரோ! அதில் மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை.

2004 ஏப்பிரலில் இந்திய உச்ச நீதிமன்றம், பள்ளிச் சமையலர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் முதலிடம் தரவேண்டும் என்று கட்டளையிட்டது. அதன் கருத்து, ஏழைக்கு வேலை கொடுப்பது மட்டுமன்று. எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே உலையில் வெந்ததை ஒரே வரிசையில் இருந்து உண்டால் தீட்டு என்பது தானே மறையும் என்பதுமாகும். சட்டம் அவ்வளவு விரைவாகச் சமையற்கட்டுக்குள் நுழைவதில்லை போலும். 2022 செப்ரெம்பரில் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் வந்தது. மறு ஆண்டே கரூர் மாவட்டத்து வேலஞ்செட்டியூரில் சிலர் அதே காரணங் கூறிப் பிள்ளைகளை உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரே சென்று அங்கே அமர்ந்து உண்டார். அதே காலத்தில் உசிலம்பட்டி என்ற சிற்றூரிலும் இக்கதைதான். அவ்வூர் எட்டயபுரத்துக்கு அருகில் உள்ளது. பாரதி பிறந்த மண்ணில், காமராஜர் தொடக்கிவைத்த அறுபத்தேழு ஆண்டுகளின் பின்!

மிஷன் பாடசாலையில் படித்தவர்கள் வந்து நமது சமயத்தைக் குறை கூறுகிறார்கள் எனப் பெரியோர்கள் எண்ண வேண்டா. இந்த நோய் இந்துக்களின் வீட்டில் மட்டும் இருந்ததன்று. யாழ்ப்பாணத்தில் 1920களின் இறுதியில் பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் என்ற பேச்சு எழுந்தபோது எதிர்ப்பு எங்கும் எழுந்தது. மிஷன் விடுதிகளின் சாப்பாட்டு மேசைகளும் அதற்கு விலக்கல்ல. அதை எதிர்த்து நின்றவர்கள் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய வாலிப காங்கிரஸார். அவர்களும் நம்மைப்போல் வாலிபர்களே.

இனி நம் ஊருக்கு வருவோம். கங்காணி காலத்தில் லயங்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. திருவிழாச் சமையலுக்கு ஆள் வைக்கும்போது மட்டும் சிலருடைய பெயர்கள் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

நமது பாடசாலைகளில் மதிய உணவை வழங்குவோர் பெரும்பாலும் அயலிலுள்ள பெண்களே. வீட்டிலே சமைத்துச் சுமந்துகொண்டு வருகிறார்கள். பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் தருகிறது. அது பிந்தினால் கடைக்காரரிடம் கடன் சொல்லவேண்டும். 2022 நெருக்கடியில் அரிசியும் பருப்பும் எரிவாயுவும் விலையேறியபோது நாட்டின் பல பகுதிகளில் பலர் இத்தொழிலையே கைவிட்டனர். தாக்குப்பிடித்தவர்களும் இருந்தனர். பிள்ளை மடுவத்து ஆயம்மாவையும் இவர்களோடு சேர்த்தே எண்ணவேண்டும். தாய்மார் மலைக்குச் சென்ற பின் நம்மிற் பலருக்கு முதற் கவளம் ஊட்டியவர் அவரன்றோ? அவருடைய முழுப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே பேச்சோடு நில்லாமல் ஒரு பிரேரணை கொணர்ந்துள்ளோம். வரும் விஜயதசமி அன்னதானத்திற்கு, நம் பகுதிப் பாடசாலைகளுக்குச் சமைக்கும் பெண்களையும் பிள்ளை மடுவத்து ஆயம்மாக்களையும் சங்கம் அழைக்க வேண்டும். அவர்களை முதற் பந்தியில் அமர்த்தி, சங்கத்து வாலிபர்களே பரிமாறவேண்டும். பந்தியில் அமர்த்துவது எளிது, யாரும் மறுக்கமாட்டார்கள். எனவே இரண்டாம் பகுதியையும் சேர்த்துள்ளோம்: அடுத்த ஆண்டு முதல் அந்த அன்னதானச் சமையலையே, குலம் கேளாமல், தகுந்த கூலி கொடுத்து, அவர்களுள் விரும்புவோரிடம் ஒப்படைக்கவேண்டும். மடைப்பள்ளி நைவேத்தியத்தை இது தொடாது. அது குருக்கள் ஐயாவின் பொறுப்பு. பந்தியில் நாம் உண்ணும் சோற்றைப் பற்றியே பேசுகிறோம்.

முதற் பகுதிக்கு மட்டும் கையுயர்த்த எண்ணுவோர் அதைச் சபையிலேயே எழுந்து கூறும்படி கேட்டுக்கொள்கிறோம். பிரேரணை எழுத்தில் தலைவர் அவர்களின் மேசைமீது உள்ளது. வழிமொழிபவர் எவரேனும் முன்வரலாம்.