பிடுங்கின பிளக் ஏன் ஷாக் அடிச்சது?

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சுவத்துல இருந்து பிடுங்கி கையில வச்சிருந்த ஒரு பிளக் எனக்கு ஷாக் அடிச்சது. சரியாத்தான் கேட்டீங்க. பிளக் சாக்கெட்டை விட்டு வெளிய வந்துடுச்சு, வயர் எங்கயும் கிழியல, கை ஈரமா இல்ல. ஆனா ரெண்டு பின்னும் விரல்ல பட்டதும் மணிக்கட்டு வரைக்கும் வெட்டி இழுத்துச்சு.

அன்னைக்கு அதைப் பிடுங்கினது நான். வழக்கமா விளையாட்டு முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுத்தி வைக்கிறது என் அக்கா மக. எட்டு வயசு. அதனாலதான் இந்த எபிசோட்.

ஆமா, விளையாட்டுதான். பொம்மை ரயில். எனக்கு ஊர் தூத்துக்குடி. எங்க தெருவுல பாதி வீட்டுல யாராவது ஒருத்தர் கப்பல்ல இருப்பாங்க. நான் ஏழாவது படிக்கும்போது எங்க மாமா ஜப்பான்ல இருந்து ஒரு ரயில் செட் வாங்கிட்டு வந்தார். அதோட பவர் பேக் 100 வோல்ட்டுக்கானது, நம்ம வீட்டுல 230. மல்டிபிளக்ல சொருகினோம், கொஞ்ச நேரத்துல புகை. மாமா முகத்தைப் பார்க்கணுமே! அப்போ விட்ட ஆசையை வேலைக்கு வந்த பிறகு திரும்பப் பிடிச்சேன்.

இப்போ மாடி ரூம்ல எட்டடிக்கு நாலடி பிளைவுட்ல ஒரு வாஞ்சி மணியாச்சி இருக்கு. மதுரை - திருநெல்வேலி பாதையில இருந்து தூத்துக்குடிக்குப் பிரியற ஜங்ஷன். 1911 ஜூன் 17ல வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட ஸ்டேஷன். 1914ல பாம்பன் பாலம் வர்றதுக்கு முன்னாடி, மெட்ராஸ்ல இருந்து கொழும்பு போறவங்க இந்த வழியா வந்து எங்க ஊர்லதான் கப்பல் ஏறினாங்க. இதையெல்லாம் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்துல அடக்கியிருக்கேன்.

ஜங்ஷன்னா பாயிண்ட் இருக்கணும். தண்டவாளம் ரெண்டா பிரியற இடம் அது. அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தற ஆளைத்தான் பாயிண்ட்ஸ்மேன்னு சொல்றோம். பொம்மை ரயில்ல அந்த வேலையை பலகைக்கு அடியில ஒரு குட்டி மோட்டார் செய்யும். ரெண்டு காயில், நடுவுல ஒரு இரும்புக் கம்பி. பட்டனைத் தட்டினா ஒரு காயில் கம்பியை இழுக்கும், 'டக்'னு பாயிண்ட் மாறும். இதுக்கு 16 வோல்ட் ஏசி போதும். பல்லி கடிச்ச மாதிரி கூட இருக்காது. அப்போ எனக்கு அடிச்சது எது?

ஒருவழிப்பாதை இல்ல

இதை மெதுவா சொல்றேன். டிரான்ஸ்ஃபார்மர்னா ஒரு இரும்புக் கோர், அதுல ரெண்டு சுருள். 230 வோல்ட் பக்கம் நிறைய சுத்து, 16 வோல்ட் பக்கம் குறைவான சுத்து. இந்தப் பக்கம் 230 கொடுத்தா அந்தப் பக்கம் 16 வரும். நாம மறந்துடற விஷயம், அந்தப் பக்கம் 16 வோல்ட் ஏசி கொடுத்தா இந்தப் பக்கம் கிட்டத்தட்ட 230 வரும். அது ஒருவழிப்பாதை இல்ல. எது உள்ள போற வாசல், எது வெளிய வர்ற வாசல்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

நான் என்ன பண்ணியிருந்தேன்னா, பாயிண்ட் எல்லாம் பலமா அடிக்கணும்னு ரெண்டு டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி, ரெண்டோட 16 வோல்ட் முனைகளையும் ஒரே ஜோடி வயர்ல சேர்த்துட்டேன். ரெண்டுக்கும் தனித்தனி பிளக், தனித்தனி சாக்கெட். ஞாயித்துக்கிழமை ஒரு பிளக்கை மட்டும் பிடுங்கினேன். இன்னொன்னு ஓடிட்டு இருந்தது. அதோட 16 வோல்ட், பலகைக்கு அடியில இருக்கிற வயர் வழியா முதல் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள பின்வாசல்ல நுழைஞ்சு, 230ஆ மாறி, என் கையில இருந்த பின்னுக்கு வந்துடுச்சு.

'வீட்டுல ஆர்சிசிபி இருக்கே, அது ட்ரிப் ஆகாதா?'ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆகாது. போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இல்லாம, கொஞ்சம் பூமிக்குக் கசியும்போதுதான் ஆர்சிசிபி விழும். இங்க கரண்ட் ஒரு பின்ல கிளம்பி என் விரல் வழியா அடுத்த பின்னுக்குப் போகுது, அவ்வளவுதான். மெயின் போர்டுக்கு இது ஒரு சாதாரண லோடு. 30 வாட் தாங்கற ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கூட 230 வோல்ட்ல 100 மில்லிஆம்புக்கு மேல கொடுக்கும். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லிஆம்ப் கசிவுலயே விழணும்னு ஏன் வச்சிருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கு ஒரே கையில ரெண்டு விரலோட போச்சு. ஒரு பின் இந்தக் கையிலயும் மறு பின் அந்தக் கையிலயும் பட்டிருந்தா, கரண்ட் நெஞ்சு வழியா போயிருக்கும்.

இன்னொன்னு. நம்ம ஊர் ரெண்டு பின் பிளக்கை எப்படி வேணும்னாலும் திருப்பிச் சொருகலாம். ரெண்டு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்துட்டு அதுல ஒண்ணைத் தலைகீழா சொருகினா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா தள்ளும். நேரடி ஷார்ட்.

நிஜ ரயில்ல என்ன பண்றாங்க?

ஷாக் மட்டும் இல்ல, தீயும் இருக்கு. அந்த மோட்டார் காயிலோட தடை சுமார் 4 ஓம்தான். 16 வோல்ட்டுக்கு 4 ஆம்ப், அதாவது 64 வாட், கட்டைவிரல் அளவு காயில்ல. அரை விநாடிக்கு ஒண்ணும் ஆகாது. பட்டன் அமுங்கினபடியே மாட்டிக்கிட்டா பிளாஸ்டிக் உருகும். அதைச் சுத்தி இருக்கிறது பிளைவுட், பஞ்சு, பேப்பர் மலை.

நிஜ ரயில்வே பாயிண்ட் மெஷினைப் பாருங்க. நம்ம நாட்டுல பெரும்பாலும் 110 வோல்ட் டிசியில ஓடுது. பாயிண்ட் முழுசா நகர்ந்து சேர்ந்ததும் மோட்டாருக்கான கரண்ட் தானா வெட்டுப்படும். நடுவுல கல்லு மாட்டினா உள்ள இருக்கிற கிளட்ச் வழுக்கும், மோட்டார் கருகாது. கரண்ட் இல்லாதப்போ கையால சுத்த ஒரு கைப்பிடி உண்டு. அதை நுழைக்கிற வழியைத் திறந்தாலே மோட்டார் சர்க்யூட் அறுந்துடும். கை உள்ள இருக்கும்போது தூரத்துல ஒருத்தர் ஸ்விட்ச் போட்டாலும் மெஷின் அசையாது. கை வைக்கிறவரோட ஞாபகசக்தியை நம்பாம, மெஷினையே அப்படிச் செஞ்சிருக்காங்க.

அங்கேயும் மனுஷன் வயரை மாத்தி இணைச்சா என்ன ஆகும்னு 2023 ஜூன் 2ல ஒடிசாவுல பார்த்தோம். பாஹாநாகா பஜார் ஸ்டேஷன்ல, மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல், ஆனா பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நின்னுட்டு இருந்த சரக்கு ரயில்ல மோதினது. 290 பேருக்கு மேல இறந்தாங்க. சிக்னல் சர்க்யூட்டை மாத்தினப்போ நடந்த தவறுகள்தான் காரணம்னு ரயில்வே பாதுகாப்பு ஆணையரோட விசாரணை சொன்னது. நம்ம பலகையை அதோட ஒப்பிடல. எந்த வயர் எங்க போகுதுன்னு எழுதி வைக்கிறது சோம்பேறித்தனத்துக்கு விடற வேலை இல்லன்னு சொல்றேன்.

உப்புக்காத்து கணக்கு

தூத்துக்குடியில இன்னொரு எதிரி உண்டு. கடலும் உப்பளமும் சுத்தி இருக்கிற ஊர். ஜன்னல் கம்பியையே அரிக்கிற காத்து. பாயிண்ட் பட்டனுக்கு நான் வச்சிருந்தது சாதாரண காலிங் பெல் ஸ்விட்ச். ஒரு வருஷத்துல உள்ள பச்சைக் களிம்பு. அழுத்தினா சில சமயம் திரும்பி வராது. மேல சொன்ன 64 வாட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. டெர்மினல் மேல படியற உப்புத் தூசி, பனி நேரத்துல ஈரத்தை இழுத்து, கரண்ட் கசியற பாதையாவே மாறிடும். சென்னையில பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருக்கிறவங்களுக்கும் இதே கதைதான்.

சரி, நான் என்ன மாத்தினேன்?

முதல்ல, ரெண்டு டிரான்ஸ்ஃபார்மரையும் பிரிச்சேன். ஒண்ணு ஒரு பக்கத்துப் பாயிண்ட்டுகளுக்கு, மத்தது மறு பக்கத்துக்கு. நடுவுல ஒரு வயர்கூட பொது இல்ல.

ரெண்டாவது, மொத்தப் பலகைக்கும் ஒரே பிளக், ஒரே ஸ்விட்ச். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து வெட்டற டபுள் போல் ஸ்விட்ச். அது அணைஞ்சா எல்லாம் அணையும். அதை அணைக்காம யாரும் பலகைக்கு அடியில கை விடக்கூடாது, நான் உட்பட.

மூணாவது, காயிலுக்கு நேரடி கரண்ட் கிடையாது. நடுவுல ஒரு கப்பாசிட்டர் சர்க்யூட். அது சேர்த்து வச்ச கரண்ட்டை ஒரே அடியா கொடுத்துட்டு ஓஞ்சிடும். பட்டன் மாட்டிக்கிட்டாலும் காயில் சூடாகாது. கூடவே 16 வோல்ட் பக்கம் ஒரு ஃப்யூஸ்.

நாலாவது, 230 இருக்கிற பெட்டியில 16 வோல்ட் பட்டன் இல்ல. 16 வோல்ட் இணைப்புக்கு வீட்டு ரெண்டு பின் பிளக்கைப் பயன்படுத்தறதும் இல்ல. யாரோ ஒரு நாள் அதைச் சுவத்துல சொருகுவாங்க.

அஞ்சாவது, ஒவ்வொரு வயர்லயும் பேர் ஒட்டினேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லா பட்டனையும் கழட்டித் துடைக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாத்தையும் பார்த்துட்டு, 'இதை முன்னாடியே கேட்டிருக்கலாம்ல'ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னார். நியாயம்தான்.

அக்கா மக இப்பவும் சனிக்கிழமை வர்றா. மணியாச்சியில இருந்து தூத்துக்குடிக்கு வண்டியை அவதான் விடறா. முடிஞ்சதும் பெரிய ஸ்விட்சை அணைச்சுட்டு, 'மாமா, மெயின் ஆஃப்'னு சத்தமா சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் வயரைத் தொடலாம். அவளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் எப்படி வேலை செய்யுதுன்னு இன்னும் தெரியாது. தெரியலைன்னாலும் அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, அதுக்குத்தான் இவ்வளவும்.

உங்க வீட்டுல பொம்மை ரயில் இல்லாம இருக்கலாம். ஆனா கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டை யாராவது சேர்த்து வச்சிருக்காங்களான்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.