மானியம் கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி



அண்மையில் நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். "புதிதாகச் சார்ட்டர் பள்ளிக்கூடம் தொடங்க அரசாங்கம் காசு கொடுக்கிறதாமே. நாங்களும் விண்ணப்பித்து, ஃப்ரீமான்ட்டில் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு முழுநேரப் பள்ளியைத் தொடங்கினால் என்ன?" என்பதுதான் அது.

நல்ல கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு ஏழு குடும்பங்கள் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தோம். நானும் அதில் ஒருவன். அந்த மேசையில் நாங்கள் கற்றுக்கொண்டதை, விட்ட பிழைகளோடு சேர்த்து, இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், சார்ட்டர் பள்ளி என்றால் என்ன? அது தனியார் பள்ளி அல்ல. பொதுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. ஆனால் அதை நடத்துவது பள்ளி மாவட்டம் அல்ல, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து அமைத்த ஓர் இலாப நோக்கற்ற சபையாக இருக்கலாம். இந்த முறைக்கு முதன்முதலில் சட்டம் செய்தது மினசோட்டா மாநிலம், 1991இல். அடுத்த ஆண்டே கலிபோர்னியா இரண்டாவதாக வந்தது. நம் வளைகுடாப் பகுதியில் சான் கார்லோஸ் நகரில் 1994இல் தொடங்கிய பள்ளிதான் இந்த மாநிலத்தின் முதல் சார்ட்டர் பள்ளி.

பள்ளி தொடங்க அனுமதி கொடுப்பது ஒரு கதவு. தொடக்கச் செலவுக்கு மானியம் கொடுப்பது வேறு கதவு. நாங்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்தோம். அதுதான் எங்கள் முதல் பிழை.

மானியத்தைப் பற்றிச் சொல்கிறேன். மத்திய அரசின் கல்வித் திணைக்களத்தில் சார்ட்டர் பள்ளிகளுக்கான நிதித் திட்டம் ஒன்று 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி இன்றும் நடக்கிறது. உங்கள் மாநிலம் அந்த நிதியைப் பெற்றிருக்கிற காலத்தில், மாநிலத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மாநிலத்திடம் அது இல்லாதபோதுதான், பள்ளி தொடங்குவோர் நேரே வாஷிங்டனுக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே இந்த ஆண்டு எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நாங்கள் மூன்று மாதம் தவறான வாசலில் நின்றோம்.

இது போட்டி மானியம். கேட்ட எல்லோருக்கும் கிடைக்காது. விண்ணப்பத்தை வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்கள் வாசித்து, ஒவ்வொரு பகுதிக்கும் புள்ளி போடுவார்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்பது அறிவித்தலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பரீட்சை வினாத்தாளை முன்கூட்டியே கையில் தருவது போன்றது அது. இருந்தும் பலர் அதைப் படிக்காமலே தங்கள் மனதில் உள்ளதை எழுதி அனுப்புகிறார்கள். அரசாங்கம் மாறும்போது முன்னுரிமைகளும் மாறும். போன ஆண்டு வென்றவருடைய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதினால் இந்த ஆண்டு தோற்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரை விழுத்துகிற விஷயம். மத்திய மானியம் கேட்கும் சபை அரசாங்கத்தின் இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து ஓர் அடையாள எண் பெற வேண்டும். இதற்கு நாட்கள் அல்ல, சில வேளை கிழமைகள் எடுக்கும். கடைசி நாள் இரவு பதியலாம் என்று இருந்தால், எவ்வளவு நல்ல விண்ணப்பமும் வெளியே நிற்கும்.

சரி, காசு கிடைத்தது என்று வையுங்கள். அது எதற்கு? திட்டமிடுவதற்கும், பள்ளி திறக்கும் முதற்காலத்துக்கும். மேசை, கதிரை, புத்தகம், கணினி, ஆசிரியர் பயிற்சி, இப்படியானவற்றுக்கு. காணி வாங்கவோ புதுக் கட்டடம் கட்டவோ அது உதவாது. இருக்கிற கட்டடத்தில் தேவையான சிறு திருத்த வேலைகள் செய்யலாம், அவ்வளவுதான். ஐந்து ஆண்டுக்குள் அது முடிந்துவிடும். அதன் பிறகு பள்ளி தன் காலில் நிற்க வேண்டும்.

பள்ளியின் கால் எது? பிள்ளைகள். கலிபோர்னியாவில் பள்ளிக்கு வரும் பணம், நாளாந்தம் சராசரியாக எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்ற கணக்கில் வருகிறது. நூறு பிள்ளைகள் வருவார்கள் என்று எழுதி எழுபது பேர் வந்தால், வருமானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் வாடகை குறையாது, அதிபரின் சம்பளம் குறையாது. ஃப்ரீமான்ட்டில் கட்டட வாடகை எவ்வளவு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் வாக்காளர் நிறைவேற்றிய சட்டத்தின்படி பள்ளி மாவட்டத்திடம் இடம் கேட்கலாம். அதற்கும் அந்த மாவட்டத்திலேயே வசிக்கும் எண்பது பிள்ளைகளாவது வேண்டும்.

இப்போது எங்கள் இரண்டாவது பிழைக்கு வருகிறேன். அதுதான் பெரிய பிழை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தச் சமூகத்துக்கு இந்தப் பள்ளி ஏன் தேவை? நாங்கள் இரவிரவாக இருந்து உருக்கமாக எழுதினோம். எங்கள் பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள், அம்மம்மாவோடு கதைக்க முடியாமல் இருக்கிறார்கள், 1983க்குப் பிறகு வீடு வாசலை விட்டு வந்த நாங்கள் மொழியையும் விட்டுவிட மாட்டோம் என்று. ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாசித்தபோது மேசையில் இருந்த இரண்டு அக்காமார் அழுதார்கள்.

அந்தப் பிரதியை, சென்டர்வில் பக்கத்தில் வசிக்கும் ஓர் ஆப்கான் தாய்க்குக் காட்டினோம். எங்களில் ஒருவருடைய பக்கத்து வீட்டுக்காரர். அவரும் அகதியாக வந்தவர். பொறுமையாக எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்தப் பள்ளியில் என் மகனுக்கு இடம் இருக்கிறதா?"

எங்களிடம் பதில் இல்லை. சட்டத்தின்படி இடம் இருக்கிறது. சார்ட்டர் பள்ளி கட்டணம் வாங்கக் கூடாது, சமயம் சார்ந்திருக்கக் கூடாது, இனம் பார்த்துச் சேர்க்கக் கூடாது. இடத்துக்கு மேல் பிள்ளைகள் வந்தால் பகிரங்கமாகச் சீட்டுக் குலுக்க வேண்டும். ஆனால் எங்கள் நாற்பது பக்கத்தில் அவருடைய மகன் ஒரு வரியிலும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி என்ற எண்ணமே பொதுப் பணத்துக்குப் பொருந்தாது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

அதற்காகத் தமிழ் படிப்பிக்க முடியாது என்றில்லை. 1998இல் இருமொழிக் கல்வியை இறுக்கிய சட்டத்தை, 2016இல் கலிபோர்னிய வாக்காளர்களே பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். இதே அலமேடா கவுண்டியில், ஓக்லண்டில், மாண்டரின் மொழிவழிப் பள்ளியாக யூ மிங் 2011இல் தொடங்கியது. அந்தக் கதவு எந்தப் பிள்ளைக்கும் திறந்திருக்கிறது. பள்ளி சீனருக்கு அல்ல, சீன மொழிக்கு. நாங்கள் எழுதியிருக்க வேண்டியதும் இதுதான்: தமிழருக்கான பள்ளி அல்ல, தமிழும் படிப்பிக்கும் பள்ளி.

அகதிக் குடும்பங்களின் அனுபவமும் நமக்கு இருக்கிறது. ஜோர்ஜியா மாநிலத்தில் டீகால்ப் கவுண்டியில் 2002இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கம்யூனிட்டி ஸ்கூல், அகதிப் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் இருத்தி வளர்ந்தது. அகதிகளுக்கு மட்டும் என்று அது தன்னை ஒதுக்கிக்கொள்ளவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். மினசோட்டாவின் செயின்ட் போல் நகரில், லாவோசில் இருந்து அகதிகளாக வந்த மொங் மக்களின் பிள்ளைகளுக்காக 2004இல் தொடங்கிய மொங் காலேஜ் பிரெப் அகடமி பெரிதாக வளர்ந்த பள்ளி. 2019இல் அந்தப் பள்ளியின் பணத்தில் 50 இலட்சம் டொலர் ஓர் ஆபத்தான முதலீட்டில் போடப்பட்டது. 43 இலட்சம் திரும்பி வரவில்லை. மாநிலச் சட்டம் அப்படியான முதலீட்டை அனுமதிக்கவே இல்லை. பள்ளி இன்னும் நடக்கிறது, ஆனால் ஒரு சமூகம் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த நம்பிக்கை அடிபட்டது. நம் ஆட்கள் என்று கணக்குக் கேட்காமல் விடுவது அன்பு அல்ல. சபையில் கணக்குத் தெரிந்த, "இல்லை" என்று சொல்லத் துணிந்த ஒருவராவது இருக்க வேண்டும். அவர் யாருக்கும் மைத்துனராகவோ மாமாவாகவோ இல்லாமல் இருப்பது நல்லது.

அனுமதிக் கதவைப் பற்றியும் இரண்டு சொல். முதல் ஆண்டில் நூறு பிள்ளைகள் என்றால், உண்மையான விருப்பமுள்ள ஐம்பது பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அல்லது அதே விகிதத்தில், தேவைப்படும் ஆசிரியர்களில் பாதிப் பேரின் கையெழுத்து. அதோடு பள்ளி மாவட்டத்தின் சபைக்கு மனுக் கொடுக்க வேண்டும். அவர்கள் பொது விசாரணை வைத்து முடிவு சொல்வார்கள். மறுத்தால் கவுண்டிக் கல்விச் சபையிடம் மேன்முறையீடு செய்யலாம். 2019இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, புதுப் பள்ளியால் மாவட்டத்துக்கு வரும் பண நட்டத்தையும் சபை பார்க்கலாம். ஃப்ரீமான்ட் மாவட்டத்தில் அண்மைய ஆண்டுகளில் மாணவர் தொகை குறைந்திருக்கிறது. ஒரு பிள்ளை எங்களிடம் வந்தால் அவர்களிடம் ஒரு பிள்ளையின் பணம் குறையும். நம் பிள்ளைகள் இன்று படிக்கும் வகுப்பும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர்களை எதிரியாக நினைத்துப் போகாமல், இந்த நியாயத்துக்குப் பதில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

இது எங்கள் ஊருக்குப் புதிய கதை அல்ல, நேயர்களே. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அரசாங்கத்தின் காசை நம்பித் தொடங்கவில்லை. 1923இல் எழுந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. பிறகு அரசாங்கத்தின் உதவி நன்கொடை வந்தது, நிபந்தனைகளும் சேர்ந்து வந்தன. 1960களின் தொடக்கத்தில் பெரும்பாலான உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கே போயின. நல்லதா கெட்டதா என்று நம் பெரியவர்கள் இன்றும் வாதாடுவார்கள். ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்வது ஒன்று: அந்தப் பாடசாலைகளில் முதலில் பிள்ளைகளும் ஊரும் இருந்தார்கள். நன்கொடை பிறகுதான் வந்தது.

நாங்கள் அந்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஏழு குடும்பங்களில் மூன்று விலகிவிட்டன. மிச்ச நான்கு குடும்பங்களும் சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போகத் தொடங்கினோம். தமிழ் வீடுகளுக்கு மட்டும் அல்ல. "உங்கள் பிள்ளைக்கு இப்போதைய பள்ளியில் என்ன குறை?" என்று கேட்டு எழுதினோம். பல பேர் "ஒரு குறையும் இல்லை" என்றார்கள். அதையும் எழுதினோம். அந்தக் கொப்பியில் போதுமான பெயர்கள் சேர்ந்தால் மனு எழுதுவோம். சேராவிட்டால், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை இன்னும் நன்றாக நடத்துவோம். இரண்டும் தோல்வி அல்ல.

ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன், நேயர்களே, ஒரு வெறும் கொப்பியைத் திறவுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கே இருக்கும் தாய் தன் மகனுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டால், தடுமாறாமல் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் விண்ணப்பத்தின் பாதி எழுதியாகிவிட்டது.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.