முழங்கால் மாற்றுக்கு முன் ஒரு கேள்வி



எண்ணெய், ஒத்தடம், மாத்திரை, ஊசி என்று எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகுதான் நம்மில் பெரும்பாலோர் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கிறோம். அப்போது வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? எவ்வளவு செலவாகும், காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும், எந்த டாக்டர் கைராசிக்காரர்! செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு விலை வரம்பு வைத்துவிட்டது. பணக் கணக்கை ஒருவாறு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் வலியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம், "கால் சரியானதும் என்னென்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டுப் பாருங்கள். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடணும் என்பார் ஒருவர். தொழுகையில் மண்டியிடணும் என்பார் இன்னொருவர். களையெடுக்கக் குத்தவைத்து உட்காரணும் என்பார் வேறொருவர். இந்த ஆசைகளை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் எல்லாமே நடந்துவிடும் என்று சொல்ல முடியாது.

மூட்டை முழுசாகக் கழற்றிவிட்டு வேறு மூட்டு வைப்பார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, பல்லுக்கு கேப் போடுவது போல உலோக உறை பொருத்துகிறார்கள். நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தகடு இருக்கும். நடக்கவும், படியேறவும், நாற்காலியிலிருந்து எழவும் இது நன்றாகவே உதவும். ஆனால் குத்தவைத்து உட்காரும் அளவுக்குக் கால் மடங்குவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அறுவைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியது என்பதைப் பொறுத்தே பின்னால் மடங்குவதும் பெரிதும் அமையும். மடங்கினாலும், தரையில் உட்காருவதைத் தவிர்க்கச் சொல்லும் டாக்டர்கள் நிறையப் பேர். மண்டியிடுவது பலருக்குச் சிரமமாகவே இருக்கும். தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும் சகஜம். முன்கூட்டியே தெரியாதவர்கள் இதையெல்லாம் பார்த்து, ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று கலங்குகிறார்கள்.

பத்தில் ஒருவரிலிருந்து ஐந்தில் ஒருவர் வரை இந்தச் சிகிச்சைக்குப் பின் திருப்தியில்லை என்கிறார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே சமயம், 2019இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. ஆகவே பயந்து ஒதுங்கவும் வேண்டாம்.

இன்னொன்று. அறுவை நடந்த அன்றைக்கோ மறுநாளோ வாக்கரோடு நடக்க வைத்துவிடுவார்கள் என்றாலும், வீக்கமும் வலியும் வடிய வாரங்கள், மாதங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். முதல் வாரங்களில் வலியைப் பொறுத்துக்கொண்டு செய்யும் பிசியோதெரபிக்கு மாற்று கிடையாது.

அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, சொத்தைப் பல்லையும் காலில் உள்ள புண்ணையும் முதலில் சரிசெய்வது, புகைப்பதை நிறுத்துவது, தொடைத் தசைக்கான பயிற்சியை இப்போதே தொடங்குவது: இவை நோயாளியின் கையில் இருப்பவை. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க எடுப்பவற்றை, டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கைப்பிடியும் ஆபரேஷனுக்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

நாளை உங்கள் வீட்டுப் பெரியவரை டாக்டரிடம் கூட்டிப்போவதாக இருந்தால், இன்று இரவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஆசைகளையும் சந்தேகங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்து, இவற்றில் எது நடக்கும், எது நடக்காது என்று பெரியவர் எதிரிலேயே கேளுங்கள்.