‘எலை’யும் ‘இலை’யும்: தமிழாசிரியரின் மேற்படிப்பு எதனை ஆராய வேண்டும்?



மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. தஞ்சோங் மாலிமில் 1922இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1997இல் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வரலாற்றை விரித்துரைக்க இன்று நாம் வரவில்லை. பணியில் இருந்துகொண்டே முதுகலைக் கல்வியியல் பயிலும் தமிழாசிரியர் எதனை ஆராய வேண்டும் என்பதொன்றையே எடுத்துக்கொள்கிறோம்.

நாம் படித்த ஆய்வேடுகளுள் பல இருவகையின. ஒருவகை, இலக்கியத்தில் திளைத்து வகுப்பறையை மறந்துவிடும். மற்றொருவகை, பொதுக் கல்வியியல் கோட்பாடொன்றை எடுத்து, வினாநிரல் வழங்கிச் சராசரி காணும். அதில் ‘தமிழ்’ என்னும் சொல்லை நீக்கி ‘அறிவியல்’ என்று எழுதினாலும் ஆய்வேடு அப்படியே நிற்கும். சற்றுக் கடுமையாகவே சொல்கிறோம், பொறுத்தருள்க. பாடத்தை அறிதலும் பொதுவாகக் கற்பிக்க அறிதலும் போதா, அப்பாடத்தில் மாணவர் எங்கே, ஏன் இடறுகின்றனர் என்னும் அறிவும் தனியே வேண்டும் என்பது லீ ஷூல்மன் 1986இல் வெளியிட்ட கட்டுரையின் கருத்து. தமிழுக்குரிய அவ்வறிவை வேறு யாரும் திரட்டித் தரமாட்டார்கள்.

கிள்ளானில் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ‘எலை’, ‘ஒடம்பு’, ‘வெறகு’ என எழுதுகிறார் எனக் கொள்வோம். ஆசிரியர் சிவப்பு மையால் மூன்று வட்டமிட்டு, மூன்று எழுத்துப்பிழை என்பார். மொழியியலார்க்கு மூன்றும் ஒரே விதி. பேச்சுத்தமிழில், சொல்லின் முதலசையிலுள்ள இகரமும் உகரமும், அடுத்து ஒற்றை மெய்யும் அதன்மேல் அகரமோ ஐகாரமோ வரின், எகர ஒகரங்களாகத் திரியும். இடையே மெய் இரட்டித்தால் திரிபில்லை. ‘கிண்ணம்’ ‘கெண்ணம்’ ஆவதில்லை. ‘முட்டை’யும், நல்ல வேளையாக, ‘மொட்டை’ ஆவதில்லை.

விதியை விளக்காமல் கடிந்து மட்டும் திருத்தினால் என்னாகும்? எகரத்தைக் கண்டாலே அஞ்சும் பிள்ளை, ‘அரிசியின் எடை’ என்பதை ‘அரிசியின் இடை’ என்று எழுதக்கூடும். விதியை விளக்கினாலும் சிக்கல் முற்றும் தீராது. செவிக்குக் ‘கொடை’ என ஒலிப்பது மழைக்குப் பிடிக்கும் குடையா, வள்ளலின் கொடையா என்பதைச் சொல்லாகவே அறிந்திருக்க வேண்டும். ஆகவே எந்தச் சொற்களை எந்த வரிசையில் கற்பிப்பது என்பது தமிழுக்கே உரிய ஆய்வு வினா.

இன்னொன்றும் உண்டு; நம் உள்ளத்தை அதுவே மிகுதியும் உறுத்துகிறது. ‘எலை’ என எழுதும் பிள்ளை வீட்டில் நாள்தோறும் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றில் ஆங்கிலம் பேசி வளர்ந்து, தமிழைப் பாடநூல் வழியே கற்ற பிள்ளை, ‘இலை’ எனப் பிழையின்றி எழுதிவிடலாம். அவ்வாறாயின், நாம் குறைக்கும் மதிப்பெண் எந்த வீட்டின் மீது விழுகிறது? இது நம் ஊகமே. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், இரண்டு பள்ளிகளின் கட்டுரை ஏடுகளைக் கொண்டே இதைச் சோதித்துவிட இயலும்.

திருத்துவதற்கு முன் அவ்வேடுகளைப் படியெடுங்கள். ஒவ்வொரு திரிபின் அருகிலும் அப்பிள்ளையின் வீட்டுமொழியைக் குறித்துவையுங்கள். மேற்பார்வையாளர், “கோட்பாடு எங்கே?” என்று கேட்பார். பேச்சுத்தமிழின் ஒலியனியலைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் கேட்பாராயின், ஏடுகளை அவர்முன் விரித்துவையுங்கள்.